வீட்டுப் பட்டறைக்கு ஸ்பிண்டில் மோல்டர் வாங்கப் போகிறீர்களா? கட்டரிலிருந்து தொடங்குங்கள்

ஸ்பிண்டில் மோல்டர் என்பது, மேசை நடுவே செங்குத்தாக நின்று சுற்றுகிற தண்டில் (ஸ்பிண்டில்) கட்டரை மாட்டி, மரத்தின் ஓரத்தை வடிவமாக வெட்டுகிற மெஷின். அதை வாங்கலாம் என்றிருக்கிறேன் என்று யாராவது சொன்னால், என்ன கட்டர் போடப் போகிறீர்கள் என்று கேட்பேன். பாதிப் பேர் முழிப்பார்கள். மோட்டார் மூன்று ஹெச்.பி., மேசை வார்ப்பிரும்பு, பெயின்ட் பச்சை என்று மெஷினைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருப்பார்கள். அதன் தலையில் சுற்றப் போகிற பொருளைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டார்கள். இந்த மெஷினைத் தேர்ந்தெடுக்கப் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். என்ன வேலை, அதற்கு என்ன கட்டர், அந்தக் கட்டருக்கு எந்த அளவு ஸ்பிண்டில், அதைச் சுற்ற என்ன மோட்டார், அந்த மோட்டாருக்கு வீட்டில் கரண்ட் இருக்கிறதா. இந்த வரிசையில் கேட்டுக்கொண்டு போனாலே விளம்பரத்தில் பார்க்கிற மெஷின்களில் பாதி தாமாகக் கழன்றுவிடும்.

நான் கோயம்புத்தூர்க்காரன். ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். ஸ்பிண்டில், பேரிங், பெல்ட் இவற்றோடுதான் என் காலம் போனது. மர வேலை ஆசைக்காகச் செய்வது. வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு, கதவு, ஜன்னல், அலமாரி என்று எங்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் செய்கிறேன். இதை எழுதுவது அதே அளவில் வேலை செய்கிறவர்களுக்காக. தினம் பத்துக் கதவு ஓட்டுகிற கம்பெனிக்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

முதலில், இது வேண்டுமா?

நல்ல ரூட்டரும் (சிறு பிட்டைச் சுற்றி மரத்தின் ஓரமும் பள்ளமும் வெட்டுகிற கைக்கருவி) அதை மாட்டுகிற மேசையும் வைத்திருப்பவர்களில் நிறையப் பேருக்கு வேண்டாம். நகைப்பெட்டி, போட்டோ ஃபிரேம், பூஜை மாடத்துக்குச் சின்னப் பீடிங், இவற்றுக்கெல்லாம் ரூட்டர் மேசை தாராளம். ஆனால் பேனல் கதவுக்கு வந்தால் கதை மாறும். நடுப் பலகையின் ஓரத்தைச் சரிவாக இழைக்கிற கட்டர், ரூட்டரில் மூன்றரை இஞ்ச் வரை வரும். அதை அரை இஞ்ச் தண்டில் மாட்டி, வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து தடவை ஓட்ட வேண்டும். தேக்கில் இரண்டு கதவு செய்து முடிப்பதற்குள் ரூட்டர் கையைச் சுடும். அது போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டு அம்மா காம்பவுண்டு சுவர் மேல் எட்டிப் பார்ப்பார்கள். அதே வேலையை ஸ்பிண்டில் மோல்டர் ஒன்றிரண்டு ஓட்டத்தில் முடிக்கும். அதில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், ரூட்டர் மாதிரி அலறாது. மரம் வெட்டுப்படுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

ஆகவே கணக்கு இதுதான்: வருடத்தில் சட்டமும் பேனலுமாகக் கதவு ஜன்னல் செய்வீர்களா, நிலைக்குக் காடி (கதவு உட்காரும் படிப் பள்ளம்) எடுப்பீர்களா, ஒரே மாதிரி பீடிங் அடிக்கணக்கில் வேண்டுமா? ஆம் என்றால் மேலே படியுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் நல்ல பிளேனரோ தூசி உறிஞ்சியோ வாங்குங்கள். மனசுக்கும் நல்லது, நுரையீரலுக்கும் நல்லது.

தேடும்போது ஒன்று. அமெரிக்கர்களின் வீடியோ பார்த்துவிட்டு இங்கே ‘ஷேப்பர்’ என்று கேட்டால், இரும்பு சீவுகிற ஷேப்பிங் மெஷினைக் காட்டுவார்கள். கோவையில் அது தெருவுக்குத் தெரு கிடக்கிறது. ‘ஸ்பிண்டில் மோல்டர்’ அல்லது ‘மர ஸ்பிண்டில் மெஷின்’ என்று கேளுங்கள்.

கட்டரும் அதன் ஓட்டையும்

இந்த மெஷினின் கட்டருக்கு ரூட்டர் பிட் மாதிரி தண்டு கிடையாது. நடுவில் ஓட்டை இருக்கும். செங்குத்தாக நிற்கிற ஸ்பிண்டிலில் அதைக் கோத்து, மேலும் கீழும் காலர் (கனமான வளையம்) வைத்து நட்டுப் போட்டு இறுக்குவோம். ஆகவே ஓட்டையின் விட்டமும் ஸ்பிண்டிலின் விட்டமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். ஐரோப்பியக் கட்டர்களுக்கு 30 மில்லிமீட்டர். அமெரிக்கக் கட்டர்களுக்கு முக்கால் இஞ்ச், பெரியவற்றுக்கு ஒன்றேகால் இஞ்ச், அதாவது 31.75 மில்லிமீட்டர். சின்ன மெஷின்களில் அரை இஞ்ச் ஸ்பிண்டிலும் வரும். உள்ளூர்த் தயாரிப்பில் என்ன வரும் என்பது செய்தவர் மனசைப் பொறுத்தது. யார் என்ன சொன்னாலும் வெர்னியர் (நுண்ணளவு எடுக்கிற கருவி) வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

30-க்கும் 31.75-க்கும் என்ன பெரிய வித்தியாசம், கோத்து இறுக்கினால் நிற்காதா என்று கேட்பவர்கள் உண்டு. நிற்கும். ஆனால் கட்டர் ஒரு பக்கமாக ஒதுங்கி, மையத்திலிருந்து 0.87 மில்லிமீட்டர் வரை விலகி நிற்கும். ஒரு கிலோ எடையுள்ள கட்டர் அப்படி விலகி நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றினால், அது ஸ்பிண்டிலைப் பக்கவாட்டில் இழுக்கிற விசை ஏறத்தாழ 50 கிலோ எடைக்குச் சமம். அந்த இழுப்பு நொடிக்கு 120 தடவை சுற்றி வரும். பேரிங் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓட்டை பெரிதாக இருந்தால் அதற்கென்று துல்லியமாகக் கடைந்த புஷ் போடலாம். டேப் சுற்றுவது, தகரம் சுருட்டிச் செருகுவது எல்லாம் இந்த வேகத்தில் ஆகாது.

என் யோசனை: வீட்டுப் பட்டறைக்கு 30 மில்லிமீட்டர் அல்லது ஒன்றேகால் இஞ்ச். இரண்டில் எந்த அளவில் உங்களுக்குக் கட்டர் சுலபமாகக் கிடைக்கிறதோ அது. முக்கால் இஞ்ச் சின்னக் கட்டர்களுக்குச் சரி. ஏழு இஞ்ச் பேனல் கட்டரை அதில் மாட்டி ஓட்ட எனக்கு மனம் வராது. ஸ்பிண்டிலைக் கழற்றி வேறு அளவு மாட்டுகிற வசதியுள்ள மெஷின் கிடைத்தால் இன்னும் நல்லது. ரூட்டர் பிட் மாட்டுவதற்குக் காலெட் (பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கிற பிடி) தருகிறோம் என்று சொல்வதைக் கேட்டு மயங்க வேண்டாம். ஏன் என்பது அடுத்த பகுதியில் வரும்.

கட்டரில் மூன்று ரகம். பல்லில் கார்பைடு பற்றவைத்த முழுக் கட்டர் ஒன்று. உடல் தனி, பிளேடு தனியாக மாற்றிக்கொள்கிற பிளாக் இன்னொன்று. மூன்றாவது நம் ஊர்ப் பழைய பட்டறைகளில் இன்னமும் பார்க்கலாம்: பள்ளம் வெட்டிய இரண்டு காலருக்கு நடுவே, எஃகுப் பட்டையில் தீட்டிய இரண்டு பிளேடை நிறுத்தி, மேலே நட்டை இறுக்குவது. பிளேடைப் பிடித்திருப்பது அந்த இறுக்கம் மட்டும்தான். இரண்டு பிளேடில் ஒன்று தாள் கனம் அகலம் குறைந்தாலும் காலர் அகலமானதை மட்டும் பிடிக்கும், மற்றது சும்மா நிற்கும். மெஷினைப் போட்டதும் அது எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. பழைய மெஷின் விற்கிறவர்கள் “இதையும் சும்மா எடுத்துக்கங்க சார்” என்று ஒரு டப்பா நிறையக் கட்டர் தருவார்கள். அதில் இந்த ரகம் இருந்தால் நன்றி சொல்லி அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பிளேடு மாற்றுகிற பிளாக் வாங்கினால், பிளேடுக்கு முன்னால் லிமிட்டர் என்கிற தடுப்புத் துண்டு உள்ளதாகப் பாருங்கள். ஒரு பல் ஒரு தடவையில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அது கட்டுப்படுத்தும். ஐரோப்பியத் தரப்படி கையால் தள்ளுகிற வேலைக்கான கட்டரில் பிளேடு லிமிட்டரைத் தாண்டி நீட்டுவது 1.1 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட கட்டரில் MAN என்று பொறித்திருக்கும். MEC என்று இருந்தால் அது மெஷின் தள்ளுகிற வேலைக்கு, கையால் தள்ள அல்ல. பக்கத்திலேயே அதிகபட்சச் சுற்று வேகமும் பொறித்திருக்கும். எதுவுமே பொறிக்காத கட்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொடுவதில்லை.

தேக்குக்கு எஃகு பிளேடு சீக்கிரம் மழுங்கும். அந்த மரத்துக்குள் சிலிக்கா இருக்கிறது. கார்பைடுதான் கட்டுப்படியாகும். வேங்கையில் நார் மாறி மாறி ஓடும். அதற்கும் கூரான கார்பைடு, குறைந்த ஆழம். கட்டர் செலவு கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்காதீர்கள். பழைய மெஷின் வாங்குவதாக இருந்தால், மெஷின் விலையில் பாதியையாவது கட்டருக்கு என்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். ஆரம்பத்துக்கு மூன்று போதும்: சட்டமும் குறுக்குச் சட்டமும் சேர்க்கிற ஜோடி, பேனல் கட்டர், காடி எடுக்கிற நேர்க் கட்டர்.

வேகம்

மெஷின்காரர் 10,000 ஆர்.பி.எம். என்று பெருமையாகச் சொல்வார். அதைவிட முக்கியம் கட்டரின் விளிம்பு நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பது. கணக்கு சுலபம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, சுற்று வேகத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, 60,000-ஆல் வகுத்தால் வரும். 40-லிருந்து 70-க்குள் இருந்தால் நல்லது. குறைந்தால் வெட்டு பிசிறும், மரம் உதைக்கவும் பார்க்கும். கூடினால் ஆபத்து.

7,200 சுற்றில் 125 மில்லிமீட்டர் கட்டர் ஓடினால் 47 மீட்டர். அருமை. அதே வேகத்தில் 180 மில்லிமீட்டர் பேனல் கட்டர் 68-ஐத் தொடும், எல்லையில் நிற்கிறது. 25 மில்லிமீட்டர் ரூட்டர் பிட்டைக் காலெட்டில் மாட்டினால்? 10,000 சுற்றிலேகூட 13 மீட்டர்தான். மரத்தை வெட்டாது, பிய்க்கும். காலெட் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

இரண்டு மூன்று வேகம் மாற்றக்கூடிய படிப் புல்லி உள்ள மெஷினாகப் பாருங்கள். தட்டில் என்ன வேகம் எழுதியிருந்தாலும் நீங்களே கணக்குப் போடுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் இரண்டு போல் மோட்டார் லோடில் சுமார் 2,880 சுற்றுச் சுற்றும். மோட்டார் புல்லி 150, ஸ்பிண்டில் புல்லி 60 என்றால் 2,880-ஐ 150-ஆல் பெருக்கி 60-ஆல் வகுக்க 7,200. அமெரிக்காவுக்கென்று செய்த மெஷின் கையில் வந்தால் அதன் தட்டில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் கணக்கு. இங்கே ஆறில் ஒரு பங்கு குறையும். 10,000 என்று போட்டிருந்தால் 8,300 தான் கிடைக்கும்.

கரண்ட்

வீட்டுப் பட்டறைக்கு மூன்று ஹெச்.பி. போதும். இரண்டிலும் ஓட்டலாம், பேனல் கட்டர் போட்டால் திணறும். ஐந்து என்பது பவர் ஃபீடர் (மரத்தைத் தானே தள்ளுகிற கருவி) வைத்து நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு.

மூன்று ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் முழு லோடில் 15 ஆம்பியர் அளவு இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு. வீட்டில் ஏ.சி.க்குப் போட்ட 16 ஆம்ப் பாயின்டில் செருகினால் எம்.சி.பி. தட்டிவிடும். தனி ஒயர், ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கிற கரண்டைச் சற்று நேரம் தாங்குகிற ‘சி’ ரக எம்.சி.பி. வேண்டும். வீட்டுக்கு மூன்று பேஸ் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மூன்று பேஸ் மோட்டார் வாங்குங்கள். நாலரை, ஐந்து ஆம்பியரில் வேலை முடிந்துவிடும். ஈ.பி.யில் உங்கள் பெயருக்கு எத்தனை கிலோவாட் லோடு அனுமதி இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கிள் பேஸ் மட்டும் இருக்கிறது, வி.எஃப்.டி. (கரண்டின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பெட்டி) போட்டு மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். ஓட்டலாம், ஒரு நிபந்தனையோடு. சாதாரண வி.எஃப்.டி. 230 வோல்ட் வாங்கி 230 வோல்ட்தான் மூன்று பேஸாகத் தரும். நம் ஊர் மோட்டார்களில் இரண்டு ஹெச்.பி. வரை பெரும்பாலும் ஸ்டார் கனெக்‌ஷன். (ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாரின் சுருள்களை இணைக்கிற இரண்டு முறைகள்.) ஆறு முனையும் வெளியே இருந்தால் டெல்டாவுக்கு மாற்றி 230-இல் ஓட்டிவிடலாம். மூன்று ஹெச்.பி.யும் அதற்கு மேலும் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கே டெல்டாவாகச் சுற்றியிருப்பார்கள். அதை 230-இல் ஓட்டினால் சக்தி வராது. ஆகவே வி.எஃப்.டி. வாங்குவதற்கு முன் மோட்டாரின் நேம் பிளேட்டைப் படியுங்கள், முடிந்தால் டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாருங்கள்.

சுவிட்ச் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மெஷின் தானாக ஓடக் கூடாது. நோ-வோல்ட் காயில் (கரண்ட் போனதும் இணைப்பை விடுவிக்கிற சுருள்) உள்ள டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேராக லைனில் இணைக்கிற சுவிட்ச்) இருந்தால் மறுபடி பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். பழைய மெஷின்களில் திருகுகிற ரோட்டரி சுவிட்ச் இருக்கும். கரண்ட் போன நேரத்தில் கட்டரைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள், கரண்ட் அது பாட்டுக்கு வரும், கட்டர் சுற்ற ஆரம்பிக்கும். வாங்கிய அன்றே அதைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டர் போடுங்கள். மூன்று பேஸ்காரர்களுக்கு சிங்கிள் பேஸிங் பிரிவென்டரும் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துகிற கருவி) வேண்டும். இன்னொன்று, மில்லில் இருந்தவர்களுக்கு இது தெரியும்: டிரான்ஸ்ஃபார்மர் மாற்றினாலோ லைனில் வேலை பார்த்தாலோ சில சமயம் பேஸ் வரிசை மாறிவிடும், மோட்டார் திரும்பிச் சுற்றும். பம்பாக இருந்தால் தண்ணீர் சரியாக வராது, அவ்வளவுதான். ஸ்பிண்டிலில் நட்டே தளரலாம். ஆகவே லைன் வேலை நடந்தது என்று தெரிந்தால், கட்டர் இல்லாமல் ஒரு முறை போட்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வேலை.

பழைய மெஷினைப் பார்க்கப் போகும்போது

புதிதாக வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். ஆனால் இந்த மெஷினில் கெட்டுப்போகிற உறுப்புகள் குறைவு. நல்ல பழையது கிடைத்தால் விடக் கூடாது. கோவையைச் சுற்றி ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் (வார்ப்புக்கான மர மாதிரி) செய்த பட்டறைகள் பல இருந்தன. சி.என்.சி. வந்த பிறகு அவற்றில் சில மூடிவிட்டார்கள். அங்கிருந்தும், மூடுகிற பர்னிச்சர் கம்பெனிகளிலிருந்தும் மெஷின்கள் வெளியே வரும். மர மில்கள் நிறைந்த செங்கோட்டைப் பக்கமும் விசாரிக்கலாம். இங்கிலாந்தில் லெஸ்டர் ஊரில் செய்த வாட்கின் மெஷின் கண்ணில் பட்டால், எடை பயமுறுத்தினாலும் நின்று பாருங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: மேக்னெட் ஸ்டாண்டோடு டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டுகிற கருவி), வெர்னியர், இரண்டடி ஸ்டீல் ஸ்கேல், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்), நீளமான ஸ்க்ரூ டிரைவர், டார்ச்.

போனதும் மெஷினை ஓட்டச் சொல்லாதீர்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேசை மேல் டயல் கேஜை வையுங்கள். கட்டர் உட்காருகிற தோளுக்குச் சற்று மேலே ஸ்பிண்டிலில் ஊசி தொடட்டும். பெல்ட்டைப் பிடித்து மெதுவாக ஒரு சுற்று. முள் ஆடுவது 0.03 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சந்தோஷம். ஸ்பிண்டிலின் உச்சியில் 0.05 வரை பொறுத்துக்கொள்ளலாம். கீழே சரியாக இருந்து மேலே மட்டும் நிறைய ஆடினால் ஸ்பிண்டில் வளைந்திருக்கிறது. அடுத்து, முள் தொட்டபடியே இருக்க, ஸ்பிண்டிலைக் கையால் பக்கவாட்டில் தள்ளி விடுங்கள். முள் நகர்ந்து அதே எண்ணுக்குத் திரும்பினால் சரி. திரும்பாமல் வேறு இடத்தில் நின்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது பேரிங் உட்காரும் இடமே தளர்ந்திருக்கிறது.

அப்புறம் ஓட்டச் சொல்லுங்கள். ஒருமுறை விற்கிற ஆசாரி, “மிசின் பூ மாதிரி ஓடுங்க சார், இதுல என்ன பாக்கறீங்க” என்றார். “ஓடறது தெரியுதுங்கண்ணா, ஒரு இருபது நிமிசம் ஓடட்டும், டீ சாப்பிட்டு வந்துருவோம்” என்றேன். முதல் ஒரு நிமிடத்தில் எந்த மெஷினும் நன்றாகத்தான் ஓடும். டீ குடித்துவிட்டு வந்து, ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் இருக்கும் உறை மேல் வைத்து, கைப்பிடியைக் காது எலும்பில் அழுத்திக் கேளுங்கள். ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்த கை பெல்ட் பக்கம் போகாதபடி, கார்டு (காப்பு மூடி) இருக்கிற பக்கமாக நின்று கேட்க வேண்டும். ஒரே சீரான ‘உம்’ என்றால் நல்ல பேரிங். மணல் அரைக்கிற மாதிரி கரகரப்பு இருந்தால் உருளைப் பாதை உரிந்திருக்கிறது. நிறுத்தி நிறுத்தி டிக் டிக் என்றால் பந்தில் குழி. கேட்டபின் மெஷினை நிறுத்தி, முழுக்க நின்றபின் உறையில் உள்ளங்கையை வையுங்கள். கையை வைத்தபடி இருக்க முடிந்தால் கவலையில்லை. சட்டென்று எடுத்துவிடத் தோன்றினால் 60 டிகிரியைத் தாண்டுகிறது என்று பொருள்.

பேரிங் கெட்டிருப்பது ஒன்றும் குடி முழுகுகிற விஷயமல்ல. அது விலை பேசுவதற்கு நமக்குக் கிடைத்த பிடி. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற எண்ணா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, அந்தச் செலவைக் கழித்துப் பேசுங்கள். ஸ்பிண்டில் வளைந்திருந்தால், பேரிங் உட்காரும் துளை தேய்ந்திருந்தால், மேசையில் வெடிப்போ வெல்டு வைத்த தடமோ இருந்தால் பேச்சே வேண்டாம். வந்த வழியே திரும்பிவிடுங்கள். மேல்துரு, உரிந்த பெயின்ட், உடைந்த கைப்பிடி எல்லாம் நம் அதிர்ஷ்டம். அவைதான் விலையை இறக்கும்.

ஸ்பிண்டிலை ஏற்றி இறக்குகிற சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். முழு ஏற்றமும் வருகிறதா? பூட்டை இறுக்கும்போது உயரம் மாறுகிறதா? டயல் கேஜை ஸ்பிண்டிலின் தலைமேல் வைத்துப் பூட்டினால் தெரிந்துவிடும். அரை மில்லிமீட்டர் குதித்தால் ஒவ்வொரு வேலையிலும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். நட்டின் மரை தேய்ந்திருக்கிறதா, நட்டுக்குக் கீழே கீ வாஷர் (ஸ்பிண்டிலில் பூட்டிக்கொண்டு தனியே சுற்றாத வாஷர்) இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு பக்கமும் சுற்றுகிற சுவிட்ச் உள்ள மெஷினில் கீ வாஷர் கண்டிப்பாக வேண்டும். இல்லையென்றால் திரும்பிச் சுற்றும்போது நட்டு தானே கழலும். தொலைந்திருந்தால் லேத்தில் செய்துகொள்ளலாம், ஆனால் அதுவரை ஓட்டக் கூடாது.

மேசை மட்டத்தை ஸ்டீல் ஸ்கேலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம். ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள இடம் நேராக இருந்தால் போதும், மூலையில் சிறு தாழ்வு இருந்தால் விட்டுவிடலாம். ஸ்பிண்டில் ஓட்டையை மூடுகிற வளையங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கட்டருக்கு நெருக்கமாக வளையம் போட்டால்தான் சின்ன மரம் உள்ளே இறங்காது. பெரும்பாலும் இவைதான் தொலைந்திருக்கும்.

வேலியும் ஃபீடரும்

கட்டருக்கு இரண்டு பக்கமும் நிற்கிற தடுப்பு வேலியைப் பல மெஷின்களில் ஏனோதானோ என்று செய்திருப்பார்கள். இரண்டு பாதியும் தனித்தனியாக முன்னும் பின்னும் நகர வேண்டும். மரத்தின் முழு முகத்தையும் இழைக்கும்போது, வெளியே வருகிற பக்கத்து வேலியை வெட்டிய ஆழத்துக்கு முன்னால் கொண்டுவர வேண்டியிருக்கும். நகர்த்தாதபோது இரண்டும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். தகரத்தில் மடித்த வேலியாக இருந்தால் விலையைக் குறையுங்கள், வீட்டில் இரண்டு வார்ப்பிரும்புப் பட்டையோ கனமான அலுமினியச் சட்டமோ வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

பவர் ஃபீடர் எல்லோருக்கும் வேண்டுமா? என்னைக் கேட்டால், மெஷினின் சைஸில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை, ஃபீடருக்கு வழி பண்ணுங்கள். இந்த மெஷினில் கைவிரல் போவது பெரும்பாலும் மரத்தைத் தள்ளுகிறபோதுதான். நம் கைக்குப் பதில் மூன்று ரப்பர் உருளை தள்ளினால் கை கட்டர் பக்கமே போக வேண்டியதில்லை. வெட்டும் அழகாக வரும். கணக்குப் பாருங்கள்: இரண்டு பல் கட்டர் 7,200 சுற்றில் நிமிடத்துக்கு 14,400 தடவை கடிக்கிறது. ஃபீடர் நிமிடத்துக்கு 4 மீட்டர் தள்ளினால் ஒரு கடிக்கு 0.28 மில்லிமீட்டர். ஒவ்வொரு கடியும் அதேதான். கை தயங்கித் தயங்கித் தள்ளும், நின்ற இடத்தில் மரம் கருகும். ஃபீடரை வேலிக்கு இணையாக வைக்காமல், மரம் வெளியேறும் முனை வேலிப் பக்கம் மயிரிழை சாய்ந்திருக்கும்படி வைத்தால் மரம் வேலியை விட்டு விலகாது. வாங்கும் மெஷினின் மேசையில் அதைப் போல்ட் போட இடமும் கனமும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

ஃபீடர் இல்லாத நாட்களில் சில பழக்கங்கள். மேலிருந்து பார்த்தால் கட்டர் பொதுவாகக் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் சுற்றும். மரம் வலமிருந்து இடம் போக வேண்டும். கட்டர் சுற்றுகிற போக்கிலேயே மரத்தைக் கொடுத்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடும். முடிந்தவரை கட்டர் மரத்துக்கு அடியில் இருக்கட்டும். அப்போது மரம் தூக்கினாலும் வெட்டு குறையுமே தவிர ஆழமாகாது. குட்டித் துண்டுகளை ஓட்டாதீர்கள். நீளப் பலகையில் வெட்டிவிட்டு அப்புறம் அறுத்துக்கொள்ளுங்கள். பேனலை ஓட்டும்போது குறுக்கு நார்ப் பக்கத்தை முதலில் ஓட்டுங்கள், நீளப் பக்கத்தை அடுத்து. குறுக்கில் பிசிறிய மூலையை நீளவெட்டு எடுத்துவிடும். வளைந்த சட்டத்துக்கு வேலியைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலில் வழிகாட்டிப் பேரிங் போட்டு, மேசையில் ஊன்றுகோல் பின் (தொடக்கத்தில் மரத்தைச் சாய்த்துத் தாங்குகிற முளை) வைத்துத்தான் தொடங்க வேண்டும். அதைப் பழகியவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள், எழுதிக் காட்டுகிற விஷயமல்ல.

வீட்டுக்குக் கொண்டுவருதல்

மூன்று ஹெச்.பி. மெஷின் 150-லிருந்து 250 கிலோ வரை இருக்கும். குட்டியானை போதும். ஆனால் ஏற்றுகிறவர்கள் மேசை விளிம்பைப் பிடித்துத் தூக்கவோ ஸ்பிண்டிலில் கயிறு கட்டவோ விடக் கூடாது. கட்டர், வேலி, ஃபீடர் எல்லாவற்றையும் கழற்றித் தனியே வையுங்கள். ஸ்பிண்டிலை முழுக்க இறக்கிப் பூட்டுங்கள். அடியில் கனமான மரச் சட்டம் கொடுத்து அதோடு போல்ட் போட்டுவிட்டால் உருட்டவும் தூக்கவும் வசதி. வண்டியில் நிற்க வைத்தே கட்டுங்கள், படுக்க வைக்க வேண்டாம். மேசையில் கிரீஸ் தடவி சாக்கு மூடினால் மழை வந்தாலும் துரு ஏறாது.

ஷெட்டில் எங்கே வைப்பது என்பதை நீங்கள் செய்யப் போகிற மிக நீளமான மரம் சொல்லும். ஏழடி நிலைக்கு வலப்பக்கம் ஏழடி, இடப்பக்கம் ஏழடி வேண்டும். என் ஷெட்டில் அது இல்லை. ஆகவே வெளியேறும் பக்கம் கதவைத் திறந்துவிட்டு மரத்தை முற்றத்துக்கு விடுகிறேன். தூசிக்கு நாலு இஞ்ச் குழாய் வேலிக்குப் பின்னால் ஒன்று. மேசைக்கடியிலும் ஒன்று வைக்க முடிந்தால் நல்லது. தரை மட்டமில்லை என்றால் நாலு காலுக்கும் தகடு கொடுத்து, ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு தரையில் போல்ட் போடுங்கள்.

புதுப் பெல்ட் போட்டால் முதல் சில நாளில் தளரும். தளர்ந்த பெல்ட் ஸ்டார்ட் ஆகும்போது கிறீச்சிடும், பேனல் கட்டர் கடிக்கும்போது நழுவி வேகம் இறங்கும். இரண்டு புல்லிக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்தி, இறக்கம் அதிகமாக இருந்தால் மோட்டார் தகட்டை இழுத்து இறுக்குங்கள். அதே சமயம் அளவுக்கு மீறி இறுக்கினால் மேல் பேரிங் சூடாகும். ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி இருபது நிமிடம் ஓட்டி, நிறுத்தி, உறையில் கை வைத்துப் பாருங்கள்.